டகோட்டாவின் வலது பாதி

சேலையூர்
9 பிப்ரவரி 2025

ஷ்யாம்,

அனுப்பியது நான்தான் என்று தெரிந்தால் பிரிக்காமலே திருப்பிவிடுவாய் என்று பயந்து, பார்சல் மேல் வெறும் கதவு எண்ணை மட்டும் எழுதியிருக்கிறேன். போனில் என் நம்பரை நீ பிளாக் செய்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. உன் மனைவி நம்பர் என்னிடம் கிடையாது. அதைக் கேட்டு வாங்கும் நிலைமையில் நாம் என்றைக்கும் இருந்ததில்லை. அதனால்தான் கடிதம்.

டிசம்பர் மழையில் பரண் ஒழுகி அப்பாவின் சாமான்கள் நனைந்துவிட்டன. ஒவ்வொன்றாக இறக்கி, காய வைத்து, கழித்துக்கொண்டிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் பின்னால், பிளாஸ்டிக் தாளில் சுற்றி சணல் கட்டிய நிலையில் இந்த அட்டைப் பெட்டி கிடைத்தது. மேலே உன் கையெழுத்து: ‘ஷ்யாம்சுந்தர், ஏழாம் வகுப்பு பி பிரிவு. யாரும் தொடாதே.’ உள்ளே அந்த டகோட்டா பொம்மை விமானம். லண்டனிலிருந்து குப்புராஜ் அங்கிள் வாங்கி வந்தது. நான் கட்டை முழுசாகப் பிரிக்கவில்லை. பேர் எழுதிய பொருளைக் குப்பையில் போட எனக்கு மனசு வராது. முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்தித் திருப்பிக் கொடுத்த பழக்கம்.

போன செவ்வாய்க்கிழமை அப்பாவின் வருஷாப்திகம் முடிந்தது. சித்தப்பா பிள்ளை பிரசன்னா உட்கார்ந்து பண்ணினான். அன்றைக்குக் கொள்ளி வைத்ததும் அவன்தான், இன்றைக்கு பிண்டம் வைத்ததும் அவன்தான். பெற்ற பிள்ளை நாற்பது நிமிஷ தூரத்தில் கோவளத்தில் இருக்கும்போது வந்த மனுஷர்களுக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று உனக்குக் கவலை இருக்காது.

விமானம் வேண்டாமென்றால் நீயே கடலில் போடு. என்னை அந்தப் பாவத்தில் சேர்க்காதே.

ரோஹிணி


கோவளம்
16 பிப்ரவரி 2025

அக்கா,

பார்சல் வந்தது. கதவு எண்ணைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அந்த வீட்டில் பதினெட்டு வருஷம் இருந்தவன் நான்.

முதலில் வருஷாப்திகம். அப்பா போனது போன வருஷம் ஜனவரி பதினேழு விடிகாலையில். எனக்கு உன் மெசேஜ் வந்தது பதினெட்டாம் தேதி காலையில். ‘அப்பா நேத்திக்கு போயிட்டார். காரியம் ஆயிடுத்து.’ ரெண்டே வரி. எரித்து முடித்துவிட்டுச் சொல்கிறவளிடம் எதற்கு வரணும்? அன்றைக்குத்தான் உன் நம்பரை பிளாக் பண்ணினேன். வந்தவர்களுக்கு என்ன பதில் சொன்னாய் என்று என்னிடம் கேட்காதே.

இப்போது விமானம். பெட்டியைப் பார்த்ததும் கன்னம் எரிந்தது. சும்மா சொல்லவில்லை. நாற்பத்தோரு வருஷம் கழித்தும் எரிந்தது.

உனக்கு ஞாபகம் இருக்கும். காலாண்டுப் பரீட்சை லீவு. எனக்குப் பன்னிரண்டு வயசு. அப்பா ஒரு காலத்தில் நிஜ டகோட்டாவில் வேலை பார்த்த மெக்கானிக் என்பதால் பொம்மை டகோட்டாவை நான் தனியாகவே கட்டி அவருக்குக் காட்டணும் என்று ஆசை. றெக்கை ஒட்டினேன், வால் ஒட்டினேன். பாடி மட்டும் சேரவில்லை. இடது பாதியும் வலது பாதியும் மூக்கில் சேர்ந்தால் வாலில் விலகும், வாலில் சேர்த்தால் மூக்கில் விலகும். அழுத்தினேன். பசையை அள்ளிப் பூசி, ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கினேன். ‘டப்’ என்று விரிசல் விட்டது. அந்த நேரத்தில் அப்பாவும் குப்புராஜ் அங்கிளும் உள்ளே வந்தார்கள். அங்கிள் கண்ணெதிரே, அவர் வாங்கி வந்த பொருள். அப்பா அடித்த அடியில் காதில் விசில் அடித்தது. அடி போயிடும். ‘இவன் கை பட்டா எதுவும் விளங்காது’ என்று ஒரு வார்த்தை சொன்னாரே, அது போகவில்லை. பிளஸ் டூவில் பெயில் ஆனபோது சொன்னார். டிப்ளமோவை விட்டுவிட்டு இங்கே படகுப் பட்டறையில் சேர்ந்தபோது சொன்னார். ஜெரூஷாவை ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்து நின்றபோது, கேட்டைத் திறக்காமலே, அதற்குப் பின்னால் நின்று சொன்னார்.

இப்போது நான் செய்வது ஃபைபர் படகு ரிப்பேர். பாறையில் மோதிப் பிளந்த படகை வைத்துக்கொண்டு எங்கே முறுக்கியிருக்கிறது, எங்கே இழுத்திருக்கிறது என்று விரலால் தடவியே சொல்வேன். நேற்று இந்த வலது பாதியைக் கண்ணாடி மேல் படுக்க வைத்தேன். படுக்கவில்லை. நடுவிலிருந்து வால் வரைக்கும் முறுக்கல், நீளத்திலும் மூன்று மில்லிமீட்டர் குறைச்சல். இது பசையால் வந்த முறுக்கல் இல்லை அக்கா. அச்சிலிருந்து வரும்போதே அப்படித்தான் வந்திருக்கிறது. சூடு ஆறுவதற்குள் எவனோ பிடுங்கி எடுத்திருக்கிறான். கடவுளே வந்து ஒட்டினாலும் அது சேராது.

இதோடு முடியவில்லை. பெட்டிக்கு அடியில் ஒரு பழுப்புக் கவர். அதற்குள் பாலிதீன் பையில் புத்தம் புதுசாக இன்னொரு வலது பாதி. கூடவே அந்த இங்கிலாந்துக் கம்பெனியின் டைப் அடித்த கடிதம், 1983 நவம்பர் நாலாம் தேதி போட்டு, அப்பா பேருக்கு. ‘செப்டம்பர் 28 தேதியிட்ட தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் அளந்து வரைந்து அனுப்பிய படத்திலிருந்து பாகம் அச்சிலேயே கோணலானது என்று தெரிகிறது. கட்டியவர் மீது தவறில்லை. மாற்றுப் பாகம் அனுப்பியுள்ளோம். தங்கள் மகனிடம் எங்கள் வருத்தத்தைத் தெரிவிக்கவும்.’

தெரிவிக்கவும்!

என்னை அடித்த வாரத்திலேயே அவர் அதை அளந்து பார்த்திருக்கிறார். தெரிந்துகொண்டே நாற்பது வருஷம் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறார்.

உனக்கு இது தெரியுமா?

ஷ்யாம்


சேலையூர்
22 பிப்ரவரி 2025

ஷ்யாம்,

எனக்கு எப்படித் தெரியும்? நான் அப்போது பத்தாவது முடித்த பெண். அப்பாவின் கடிதப் போக்குவரத்தையெல்லாம் என்னிடம் காட்டிக்கொண்டா இருந்தார்?

போனவரை விட்டுவிடு. அவர் செய்தது தப்புதான். ஆனால் ஒரு அடி, ஒரு வார்த்தை. அதை வைத்துக்கொண்டு நீ நாற்பது வருஷம் ஓட்டிவிட்டாய். அம்மா 2005-ல் போனாள். அன்றையிலிருந்து பத்தொன்பது வருஷம் அந்த மனுஷரோடு இருந்தது யார்? எனக்கு வந்த ரெண்டு வரனையும் ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போட்டவர் அவர்தான். நான் யாரிடம் போய் என் கன்னம் எரிகிறது என்று சொல்வது?

கடைசி மூன்று வருஷம் அவரைத் தூக்கி உட்கார வைத்து, குழையப் பிசைந்து ஊட்டி, துணி மாற்றி, மறுபடி படுக்க வைத்து, அப்புறம் குளித்துவிட்டு எட்டு மணிக்கு ஸ்கூலுக்கு ஓடியிருக்கிறேன். வி.ஆர்.எஸ். கொடுத்து ரிட்டயர் ஆன அன்று எல்லோரும் மாலை போட்டார்கள். நான் வீட்டுக்கு வந்து மாலையைக் கழற்றிவிட்டு அவருக்குப் படுக்கை விரிப்பு மாற்றினேன். உன் கை விளங்காது என்று அவர் சொன்னது உனக்கு வலித்தது. என் கையைப் பற்றி அவர் எதுவுமே சொன்னதில்லை, தெரியுமா? நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை.

அதுதான் புதுப் பாகம் இருக்கிறதே, வைத்து ஒட்டு. திருப்திப்படு.

ரோஹிணி


கோவளம்
2 மார்ச் 2025

அக்கா,

அந்தப் பழுப்புக் கவரின் மூலையில் பென்சிலால் எழுதியிருக்கிறது: 2.12.83. பக்கத்தில் ‘ரோ’ என்று எழுதி ஒரு சுழி. நம் வீட்டுக்கு வரும் ஒவ்வொரு தபாலிலும் வந்த தேதியைப் போட்டு இப்படிச் சுழிப்பது யார்?

‘எனக்கு எப்படித் தெரியும்?’ என்று எழுதினாயே, அதை எழுதும்போது பேனா நிற்கவில்லையா?

நீ பட்டதெல்லாம் உண்மை. ஒரு எழுத்தைக்கூட மறுக்கமாட்டேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் சொல்.

புதுப் பாகத்தை நான் வைக்கப்போவதில்லை. வைத்தால் அரை நாள் வேலை, அழகாகச் சேர்ந்துவிடும். அது எனக்கு வேண்டாம். நான் ஒட்டின கோணல் பாதியையே சேர்க்கப்போகிறேன். ஆரம்பித்தும் விட்டேன். பழைய பசை விடுவதற்காக விமானத்தை ரெண்டு நாள் ஃபிரீசரில் வைத்தேன். குளிரில் பசை கண்ணாடி மாதிரி ஆகிவிடும், மெதுவாக நெம்பினால் விட்டுப் போகும். ஜெரூஷா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, “இன்னாயா இது? வவ்வா மீன் வெக்கிற எடத்துல ஏரோப்ளேன் குந்திகினு கீது?” என்று கத்தினாள். விஷயத்தைச் சொன்னேன்.  அப்புறம் மீனை எல்லாம் கீழ்த்தட்டுக்கு மாற்றினாள்.

நீ பதில் எழுது. இந்தத் தடவை உண்மையை எழுது.

ஷ்யாம்


சேலையூர்
9 மார்ச் 2025

ஷ்யாம்,

அந்தக் கவரை வாங்கியது நான்தான்.

தபால்காரர் வந்தபோது நான் மட்டும் வாசலில் இருந்தேன். சாயந்திரம் அப்பா வந்ததும் கொடுத்தேன். அவர் நின்றுகொண்டே பிரித்தார், படித்தார், அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்தார். ஷூவைக்கூடக் கழற்றவில்லை. நான் எட்டிப் படித்துவிட்டேன். இங்கிலீஷ் எனக்கு நன்றாக வரும் என்று அவருக்குத் தெரியும். ‘அவன்கிட்ட நீ சொல்லாதே, ரோஹிணி. நானே சொல்றேன்’ என்றார்.

ஒரு வாரம் பார்த்தேன், ஒரு மாசம் பார்த்தேன். பொங்கல் வந்தது, போனது. அவர் சொல்லவில்லை. ஒரு நாள் பெட்டியைச் சுற்றிக் கட்டி, பரணில் பின்னால் தள்ளச் சொன்னார். நான்தான் ஏணியில் ஏறினேன்.

ஏன் சொல்லவில்லை, அவரை எது தடுத்தது என்று என்னிடம் கேட்காதே. ஏரோப்ளேனில் ஒரு ஸ்க்ரூ தப்பு என்றால் ஒத்துக்கொள்வார். வீட்டில் ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

ஆனால் நான் ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அதை எழுதத்தான் மூன்று நாளாக உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்கிறேன். அந்த வீட்டில் எல்லாம் உனக்குத்தான். லண்டன் விமானம் உனக்கு. பள்ளியில் முதல் மார்க் வாங்கியது நான், ஆனால் ‘ஷ்யாம் என்னவாகப் போறான்’ என்பதுதான் சாப்பாட்டு நேரப் பேச்சு. அந்த அடிக்கு அப்புறம் அது மாறியது. நீ விளங்காதவன் ஆனாய், நான் சமர்த்து ஆனேன். அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் முதல் தடவையாக ஒரு ரகசியம். எனக்கு அது பிடித்திருந்தது, ஷ்யாம். பதினாறு வயசில் மட்டும் இல்லை. அதற்கப்புறமும் அவர் அந்த வார்த்தையைச் சொன்னபோதெல்லாம் நான் பக்கத்து அறையில் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

இதற்குமேல் எழுத முடியவில்லை.

ரோஹிணி


கோவளம்
13 ஏப்ரல் 2025

அக்கா,

உன் கடிதம் வந்து ஒரு மாசம் ஆகிறது. முதல் ரெண்டு வாரம் உன் மேல் இருந்த ஆத்திரத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். அதனால் ஒரு நன்மை, தேய்ப்பு நன்றாக வந்தது.

எப்படிச் செய்தேன் என்று உனக்குச் சொல்லணும். வேறு யாரிடம் சொல்வது? வலது பாதியைச் சுடுதண்ணீரில் முக்கி முக்கி எடுத்து, மரக்கட்டைகளுக்கு நடுவில் திருகு போட்டு இறுக்கி ஆற வைத்தேன். முக்கால்வாசி முறுக்கல் போனது. மீதி போகவில்லை. அதனால் வால் பக்கத்தில் ஜன்னல் வரிசைக்கு அப்புறம் ரம்பத்தால் குறுக்கே அறுத்துவிட்டேன். அறுப்பதற்கு முன் மூன்று தடவை அளந்தேன். இருபத்தாறு அடிப் படகையே ஒரு தடவை அளந்து அறுக்கிறவன் நான். பழைய சிடி டப்பா இருக்கிறதே, அதுவும் இதுவும் ஒரே ஜாதிப் பிளாஸ்டிக். அதிலிருந்து மூன்று மில்லிக்கு ஒரு துண்டு வெட்டி நடுவில் வைத்து, வாலை நேராகத் திருப்பி ஒட்டினேன். உள்பக்கம் நாலு இழை ஃபைபர், அதன் மேல் ரெசின் பசை. வெளியே பள்ளத்தை நிரப்பும் புட்டி, தேய்ப்பு, மறுபடி புட்டி, மறுபடி தேய்ப்பு.

முன் கண்ணாடி வெள்ளை பூத்துக் கிடந்தது. பற்பசை போட்டுத் தேய்த்ததில் தெளிந்துவிட்டது. றெக்கை மேல் என் கட்டைவிரல் ரேகை பசையில் பதிந்து அப்படியே இருந்தது, பன்னிரண்டு வயசு ரேகை. ஜெரூஷா அதை விட்டுவை என்றாள். நான் தேய்த்து எடுத்துவிட்டேன். ஸ்டிக்கர் தாள் மஞ்சளாகியிருந்தது. ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பத்து நாள் வெயில் காட்டினேன், பாதி வெளுத்தது. போதும்.

போன வியாழக்கிழமை ரெண்டு பாதியையும் சேர்த்தேன். மூக்கும் சேர்ந்தது, வாலும் சேர்ந்தது. நான் அழுத்தவே இல்லை. கை விட்டதும் தானாக நின்றது. பட்டறையில் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நல்லவேளை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு வராது. ஆனால் நீ செய்ததை நீயே எழுதிவிட்டாய். அப்பா எழுதவே இல்லை. அதை யோசிக்கிறேன். இருபத்தேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை விமானத்தை எடுத்துக்கொண்டு சேலையூர் வரலாமா என்று பார்க்கிறேன். ஜெரூஷாவும் வருவாள். கேட்டைத் திறப்பாய் என்று நினைக்கிறேன். அப்பா அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறோம்.

அதற்கு முன்னால் ஒன்று மட்டும் சொல். கடைசியில் அவர் என்னைப் பற்றி ஏதாவது பேசினாரா? திட்டியிருந்தாலும் பரவாயில்லை, எழுது.

ஷ்யாம்


சேலையூர்
22 ஏப்ரல் 2025

ஷ்யாம்,

நீ வரும்போது நேரில் சொல்லலாம் என்று நினைத்தேன். நேரில் சொல்லமாட்டேன் என்று எனக்கே தெரியும். நீ என் வீட்டில் காபி குடித்துவிட்டு, அப்புறம் ஒரு நாள் இது உனக்குத் தெரிய வந்தால் அது இன்னும் கேவலம்.

அப்பா உன்னைக் கேட்டார்.

ஜனவரி பதினைந்தாம் தேதி ஆஸ்பத்திரியில் ‘வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்’ என்று சொல்லிவிட்டார்கள். பதினாறாம் தேதி மதியம் அவருக்கு நல்ல தெளிவு. ரெண்டு ஸ்பூன் கஞ்சி குடித்தார். “ஷ்யாமுக்குச் சொன்னியா?” என்று கேட்டார்.

“சொன்னேம்பா” என்றேன்.

“வரானா?”

“வரலைன்னுட்டான்.”

நான் உனக்குச் சொல்லவே இல்லை. போன் என் மடியில் இருந்தது. நீ அப்போது என்னை பிளாக் பண்ணியிருக்கவில்லை. ஒரு தடவை அழுத்தினால் போதும், ஒரு மணி நேரத்தில் வந்திருப்பாய். எனக்கு அது தெரியும். அதனால்தான் அழுத்தவில்லை.

பத்தொன்பது வருஷம் நான் பார்த்துக்கொண்டேன். நீ கடைசி ஒரு மணி நேரம் வந்து உட்காருவாய். அவர் உன் கையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார். எல்லோரும் ‘பிள்ளைக்காகத்தான் உயிரை வைத்துக்கொண்டிருந்தார்’ என்பார்கள். என்னால் அதைத் தாங்க முடியாது என்று தோன்றியது. அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

மறுநாள் விடிகாலையில் போய்விட்டார். எல்லாம் முடிகிற வரைக்கும் உனக்குச் சொல்லாததற்கும் அதுதான் காரணம். நீ வந்தால், நேற்று ஏன் வரவில்லை என்று யாராவது கேட்பார்கள். யாரும் கூப்பிடவில்லையே என்று நீ சொல்வாய்.

வருவதும் வராததும் உன் இஷ்டம். ஞாயிற்றுக்கிழமை கேட்டைப் பூட்டமாட்டேன்.

ரோஹிணி


கோவளம்
28 ஏப்ரல் 2025

நேற்று வரவில்லை என்று உனக்கே தெரிந்திருக்கும்.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. விமானத்தை ஒரு அட்டைப் பெட்டியில் பஞ்சு வைத்து, எடுத்துப் போகத் தயாராக வைத்திருந்தேன். கையில் ரெசின் என்பதால் ஜெரூஷாவைப் படிக்கச் சொன்னேன். அவள் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்திவிட்டாள். “மீதிய நீயே படி” என்று கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். உன்னை ஒரு தடவைகூடப் பார்க்காதவள், உனக்காக அழுதாளா எனக்காக அழுதாளா தெரியவில்லை. நான் கேட்கவில்லை.

அவர் என்னிடம் மறைத்தார், நீயும் மறைத்தாய். அதையெல்லாம் தாண்டித்தான் வரக் கிளம்பினேன். இதைத் தாண்ட எனக்கு வழி தெரியவில்லை. என்னைத்தான் ஏமாற்றினாய் என்றால் பரவாயில்லை. படுக்கையில் கிடந்தவரை ஏமாற்றியிருக்கிறாய். நான் வரமாட்டேன் என்று சொன்னதாக நினைத்துக்கொண்டே போய்விட்டார். அவரிடம் போய் நான் அப்படிச் சொல்லவில்லை என்று எப்படிச் சொல்வது?

வருகிற தை மாசத்திலிருந்து அப்பாவுக்குத் திதி நான் கொடுப்பேன், இங்கே கடற்கரையில். ஐயரிடம் பேசிவிட்டேன். பிரசன்னாவைக் கூப்பிட வேண்டாம். நீயும் வர வேண்டாம். பத்தொன்பது வருஷம் நீ செய்தாய். இனி நான் செய்கிறேன்.

இனிமேல் உனக்கு எழுதமாட்டேன். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் அனுப்பு. சமாதானம் எதுவும் வேண்டாம், நடந்ததை எழுது.

நான் வரவில்லை என்று சொன்னதாக நீ சொன்னபோது, அவர் நம்பினாரா?

ஷ்யாம்


சேலையூர்
3 மே 2025

ஷ்யாம்,

நம்பினார். ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை.

“அவன் எப்படி வருவான்?” என்றார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார். 

ரோஹிணி